தலைக்குள் இருக்கும் பாடம்



மூளையும் நரம்புகளும் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராயும் படிப்புக்கு நரம்பு அறிவியல் என்று பெயர். "அதெல்லாம் பெரிய நகரத்துப் பிள்ளைகள் படிப்பது, நமக்கு எதற்கு?" என்று கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலையிலும் சொல்வோர் உண்டு. இதை நான் ஏற்க மாட்டேன்.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பு செல்கள் உள்ளன. வெள்ளிமலைப் பிள்ளைக்கும் சென்னைப் பிள்ளைக்கும் கணக்கு ஒன்றுதான்!

பெரிய கருவிகள் வேண்டுமே என்கிறீர்களா? கையை இழந்த சிலருக்கு, இல்லாத கையில் வலி தெரியும். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன், 1990களில் அமெரிக்காவில் இதை ஆராய்ந்தார். அவர் பயன்படுத்தியது என்ன தெரியுமா? ஒரு பெட்டியும், முகம் பார்க்கும் கண்ணாடியும்தான்! நல்ல கையின் பிம்பம் கண்ணாடியில் தெரிந்ததும், இழந்த கையே திரும்பி வந்தது போல மூளை உணர்ந்தது. சிலருக்கு வலியும் குறைந்தது.

ஆகவே, சிறிய கல்லூரி என்று தயங்காதீர்கள். பிளஸ் 1ல் உயிரியல் உள்ள பிரிவை எடுங்கள். பிறகு விலங்கியல், உளவியல், மருத்துவம் என எந்த வழியிலும் இந்தப் படிப்புக்குப் போகலாம். கள்ளக்குறிச்சியிலேயே 2022ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதே!

பெரியவர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. மலைப் பள்ளிகளின் ஆய்வகத்தைப் பூட்டி வைக்காதீர்கள். கேள்வி கேட்கும் பிள்ளையை, "சும்மா இரு" என்று அடக்காதீர்கள்.

குழந்தைகளே, கனவு ஏன் வருகிறது? படித்தது ஏன் மறக்கிறது? இன்றே நோட்டில் எழுதி வையுங்கள். நாளை வகுப்பில் ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்பீர்கள்தானே?