டாக்டருக்கு இரண்டு; நர்சுக்கு ஐந்தா?

மார்த்தாண்டம் பஸ் நிலையத்தில் மாலை வேளையில் நின்று பாருங்கள். டூட்டி உடுப்பைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு இரவு வேலைக்குக் கிளம்பும் பெண்கள் எத்தனை பேர்! கடன்பட்டு அவர்களை நர்சுப் படிப்பு படிக்கவைத்த தாய் தந்தையர் ஒரு சேதியை அறிந்தாக வேண்டும்.

1-7-2024 முதல் அமலுக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு, அஜாக்கிரதையால் ஓர் உயிர் போனால் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. பழைய 304-ஏ பிரிவில் உச்சவரம்பு 2 ஆண்டுதான். சிகிச்சையின்போது நேர்ந்ததானால், பதிவு பெற்ற டாக்டருக்கு மட்டும் இன்றும் அதே 2 ஆண்டு. பதிவு பெற்றவர் யார்? மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவர் என்று சட்டமே விளக்கம் தருகிறது. நர்சின் பெயரோ நர்சிங் கவுன்சில் பதிவேட்டில்! ஆக, ஒரே கட்டிலருகே நின்ற இருவரில் மருந்து எழுதியவருக்கு இரண்டு, அதைக் கொடுத்தவளுக்கு ஐந்து. எப்படி இருக்கிறது நியாயம்!

டாக்டருக்குத் தந்ததைப் பறிக்கச் சொல்லவில்லை நாம். அது அவர்களுக்கு வேண்டியதே.

2022 நவம்பரில் சென்னை பெரியார் நகர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் நடந்ததை நாடு மறந்திராது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பின் இறுக்கமாகப் போட்ட கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, காலை எடுத்தும் பிழைக்காமல் போனாள் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை. சஸ்பெண்ட் ஆனவர்கள் இரண்டு டாக்டர்கள். அங்கிருந்த நர்சுகள்மீது நாம் பழி சொல்லவில்லை. ஆனால் எந்த ஆஸ்பத்திரியானாலும், விரல் குளிர்கிறதா, நிறம் மாறுகிறதா, வலி ஏறுகிறதா என்று மணிக்கொரு தரம் பார்க்க வேண்டியவள் நர்சுதான். நோயின் பெயரைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். நோயாளி மோசமாவதை முதலில் காண்பவள் இவள். காணத் தவறினால்?

தவறாதிருக்க ஆள் வேண்டுமே! பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்சு என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. இரவில் அப்படி ஒரு வார்டைக் கண்டவர் இருந்தால் சொல்லுங்கள், மாலை போட்டு வரலாம். ஆளைக் குறைத்து இலாபம் பார்க்கும் நிர்வாகிக்கு 106-வது பிரிவு நினைவுக்கு வருவதில்லை. கேஸ் ஷீட்டில் காலியாகக் கிடக்கும் கட்டம் மட்டும் கோர்ட்டில் நர்சுக்கு எதிராகப் பேசும். ஆகவே சகோதரிகளே, நாடித்துடிப்பை மட்டுமல்ல, டாக்டரை அழைத்த மணியையும் அவர் சொன்ன பதிலையும் அப்போதே எழுதிவையுங்கள்.

2023 டிசம்பரில் பார்லிமெண்டில் டாக்டர்களுக்காகத் திருத்தம் வந்தது. அவர்கள் சங்கம் கேட்டது என்றார் உள்துறை மந்திரி. நர்சுகளுக்காக அந்தப் பிரிவில் நான்கு சொற்கள் சேர்க்கும்படி கேட்கப் போகிற எம்.பி. யார்?