பமுக்கலே: ஏழு மணி நேரம் பஸ், இரண்டு மணி நேரம் ஊர்

துருக்கி போய்விட்டு வந்தவர்களின் ஆல்பத்தைப் புரட்டினால் மூன்று படங்கள் தவறாமல் இருக்கும். இஸ்தான்புல் மசூதி ஒன்று. கப்படோக்கியா பலூன் ஒன்று. அப்புறம், வெள்ளை வெளேரென்று பஞ்சு மெத்தையை அடுக்கி வைத்த மாதிரி ஒரு மலைச்சரிவில், பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் நிற்கிற படம். அந்த மூன்றாவதுதான் பமுக்கலே. துருக்கி மொழியில் பஞ்சுக்கோட்டை என்று அர்த்தம். படத்தில் நிற்பவரிடம் "அந்த மலைக்கு மேலே என்ன இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். "ஏதோ இடிஞ்ச தூணெல்லாம் கெடந்துச்சுங்க, செம வெயில், பஸ்ஸுக்கு வேற நேரமாயிடுச்சு" என்பார்.

அந்த "ஏதோ இடிஞ்ச தூண்" ஒரு முழு நகரம். பெயர் ஹியராபோலிஸ். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பெர்கமோன் அரசர்கள் கட்டியது, பிறகு ரோமானியர் கைக்குப் போனது. யுனெஸ்கோ 1988ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது வெள்ளைப் படிக்கட்டை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்துச் சேர்க்கவில்லை. பட்டியலில் உள்ள பெயரே ஹியராபோலிஸ்-பமுக்கலே என்பதுதான். இயற்கையும் வரலாறும் சேர்ந்தே ஒரு சின்னம். அதில் பாதியை மட்டும் காட்டிவிட்டு முழு டிக்கெட்டுக்குக் காசு வாங்குகிற வியாபாரத்துக்குப் பெயர்தான் "ஒரு நாள் கைடட் டூர்".

கொஞ்சம் கணக்குப் போடுவோம். கடற்கரை ஊரான அந்தால்யாவிலிருந்து பமுக்கலே ஏறக்குறைய 240 கிலோமீட்டர். போக மூன்றரை மணி நேரம், வர மூன்றரை மணி நேரம். ஆக ஏழு மணி நேரம் பஸ்ஸிலேயே போயிற்று. விடிவதற்கு முன்பே வண்டி ஹோட்டல் ஹோட்டலாகச் சுற்றி ஆள் ஏற்றும், அதில் ஒரு மணி நேரம். வழியில் காலை உணவு. அப்புறம் ஒரு ஓனிக்ஸ் கல் பட்டறை, அல்லது ஒரு டவல் ஷோரூம், அல்லது தோல் ஜாக்கெட் கடை. பட்ஜெட் டூர் என்றால் இரண்டு கூட. அப்புறம் மதிய பஃபே (சாப்பாடு இலவசம், தண்ணீருக்குக் காசு!). இத்தனையும் கழித்தால் ஊருக்கென்று மிஞ்சுவது இரண்டு, இரண்டரை மணி நேரம். அதுவும் சரியாக உச்சி வெயிலில். அந்த நேரத்தில்தான் எல்லாக் கடற்கரை ஊர்களின் பஸ்களும் ஒன்றாக வந்து நிற்கும்.

இதில் கைடைத் திட்டுவது பாவம். துருக்கியில் 2012ல் வந்த 6326ஆம் எண் சட்டப்படி, லைசென்ஸ் பெற்றவர்தான் கைடாக வேலை பார்க்க முடியும். படித்து, தேர்வு எழுதி வந்தவர். அவருக்கு விஷயம் தெரியாமல் இல்லை. பேச நேரம் இல்லை. இரண்டு மணி நேரத்தில் நாற்பது பேரை இறக்கி, டிக்கெட் வாங்கி, கழிவறை காட்டி, காணாமல் போன இரண்டு பேரைத் தேடிப் பிடித்து மறுபடி ஏற்ற வேண்டும். கோளாறு டிக்கெட் விலையில் இருக்கிறது. டீசல், டிரைவர், கைடு, நுழைவுக் கட்டணம், சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டினால் வருகிற தொகையைவிடக் குறைவாகச் சில டூர்கள் விற்கின்றன. எந்த வியாபாரியும் தர்மத்துக்கு நஷ்டப்பட மாட்டான். அந்தப் பள்ளத்தை நிரப்புவது கடைக்காரர் தரும் கமிஷன். மளிகைக் கடையில் சர்க்கரையை அடக்க விலைக்கும் கீழே கொடுத்து ஆளை உள்ளே இழுப்பார்களே, அதே தந்திரம். இங்கே சர்க்கரை, இரண்டாயிரம் வருஷப் பழமையான ஒரு நகரம்.

இப்போது, அந்தக் கல் பட்டறையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒருவர் மெஷினில் கல்லைக் கடைந்து முட்டை மாதிரி ஒன்று செய்து காட்டுவார். எல்லோரும் கை தட்டுவார்கள். பிறகு ஷோரூம் கதவு திறக்கும். இதிலே உள்ள கொடுமை என்னவென்றால், கல்லையும் மெஷினையும் பற்றி உலகத்திலேயே முக்கியமான ஒரு சாட்சி ஹியராபோலிஸ் கல்லறைகளில்தான் கிடைத்தது. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் மார்க்கஸ் ஔரேலியஸ் அம்மியானோஸ் என்று ஒருவர். தன் கல் சவப்பெட்டியில் ஒரு இயந்திரத்தின் படத்தைச் செதுக்க வைத்திருக்கிறார். தண்ணீர்ச் சக்கரம் சுழல, பல்சக்கரம் வழியாக அந்தச் சுழற்சி போய் இரண்டு ரம்பங்களை முன்னும் பின்னும் இழுத்துக் கல்லை அறுக்கிற இயந்திரம். சுழலும் அசைவை முன்-பின் அசைவாக மாற்றும் கிராங்க், கனெக்டிங் ராடு அமைப்புக்கு இதுவரை தெரிந்ததில் மிகப் பழைய சான்று அதுதான். கார் என்ஜினில் பிஸ்டனுக்குக் கீழே இருக்கிறதே, அந்த அமைப்பின் தாத்தாவுக்குத் தாத்தா. ஓனிக்ஸ் முட்டைக்கு முக்கால் மணி நேரம் கொடுத்த டூரில் அம்மியானோஸுக்கு ஒரு நிமிஷம் கிடையாது. அவர் கமிஷன் தருவதில்லை அல்லவா!

டவல் ஷோரூம் கதையும் இதேதான். பக்கத்து நகரமான டெனிஸ்லி இன்றைக்கும் துருக்கியின் பெரிய ஜவுளி ஊர், நல்ல டவல் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் அந்தத் தொழிலுக்கு அங்கே வேர் எவ்வளவு ஆழம் என்று சொல்ல ஆள் இல்லை. புவியியல் அறிஞர் ஸ்ட்ராபோ இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே, ஹியராபோலிஸ் தண்ணீர் கம்பளிக்குச் சாயம் ஏற்ற அபாரமாகப் பொருந்துகிறது, வேரிலிருந்து எடுத்த சாயமே விலை உயர்ந்த சாயங்களோடு போட்டி போடுகிறது என்கிற பொருளில் எழுதி வைத்திருக்கிறார். கம்பளி அலசுபவர்கள், சாயக்காரர்கள் என்று தனித்தனிச் சங்கங்கள் அந்த ஊரில் இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அதாவது சுற்றுலாப் பயணி கால் நனைத்து போட்டோ எடுக்கிற அந்த வெந்நீர்தான் ஊரின் மூலதனமாக இருந்தது.

அந்தத் துணி வெளியூர் போக வியாபாரி வேண்டுமே? அவரும் அங்கேயே படுத்திருக்கிறார். ஃபிளாவியஸ் ஸெயுக்ஸிஸ் என்கிற வணிகரின் கல்லறைக் கல்வெட்டு, அவர் கிரேக்கத்தின் தெற்கே உள்ள மலேயா முனையைச் சுற்றி இத்தாலிக்கு 72 தடவை கப்பலில் போனார் என்கிறது. அந்த முனை மாலுமிகள் நடுங்கிய இடம். ஒவ்வொரு பயணத்திலும் சரக்கும் உயிரும் சேர்ந்தே பணயம். இன்ஷூரன்ஸ் கிடையாது, லெட்டர் ஆஃப் கிரெடிட் கிடையாது. எழுபத்திரண்டு தடவை! அதை எண்ணி வைத்துக் கல்லில் வெட்டச் சொன்ன மனுஷனின் கெத்தைப் பாருங்கள். வணிகவியல் பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் வைக்க வேண்டிய ஆள். அவர் வாசலைத் தாண்டித்தான் பஸ் ஷோரூமுக்கு ஓடுகிறது.

சரி, அந்த இரண்டு மணி நேரத்தில் டூர் என்னதான் சொல்கிறது? பெரும்பாலும் கிளியோபாட்ரா கதை. மேலே ஒரு வெந்நீர்க் குளம் உண்டு, அதில் பழைய பளிங்குத் தூண்கள் விழுந்து கிடக்கும், தனிக் கட்டணம் கட்டினால் அவற்றுக்கு நடுவே நீந்தலாம். "கிளியோபாட்ரா குளித்த குளம்" என்று விற்கிறார்கள். கிளியோபாட்ரா செத்தது கி.மு. 30ல். தூண்கள் குளத்தில் விழுந்தது அதற்குப் பல நூறு வருஷம் கழித்து வந்த நிலநடுக்கத்தில். அவர் அங்கே குளித்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை. குளத்தில் குளிப்பது சுகம்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பொய்யான ராணியை முன்னால் நிறுத்திவிட்டு, அந்த ஊரில் நிஜமாகவே பிறந்த எபிக்டெட்டஸை யாருமே சொல்வதில்லை. அடிமையாக இருந்து, பிறகு விடுதலையாகி, உலகம் இன்றுவரை படிக்கிற ஸ்டோயிக் தத்துவ ஆசிரியர் ஆனவர். ராணி அளவுக்கு விற்காது போல.

இதைவிடப் பெரிய கதை குளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. புளூட்டோனியம் என்கிற பாதாள வாசல். ஒரு சின்னக் குகை வாய். காளையை உள்ளே விட்டால் செத்து விழும், கூடப் போன பூசாரி மட்டும் உயிரோடு வெளியே வருவார். தானே சிட்டுக்குருவிகளை உள்ளே வீசிப் பார்த்ததாகவும் அவை உடனே விழுந்ததாகவும் ஸ்ட்ராபோ எழுதினார். ரொம்ப நாள் இதைக் கட்டுக்கதை என்றே நினைத்தவர்கள் உண்டு. 1957லிருந்து அங்கே வேலை செய்யும் இத்தாலிய அகழ்வாய்வுக் குழு, பிரான்செஸ்கோ தாண்ட்ரியா தலைமையில் அந்த இடத்தைக் கண்டுபிடித்ததாக 2013ல் அறிவித்தது. தோண்டும்போதே பறவைகள் அருகில் வந்து செத்து விழுந்தன. 2018ல் ஹார்டி ஃபான்ஸ் குழு வெளியிட்ட ஆய்வு காரணத்தை அளந்து காட்டியது. பூமிப் பிளவிலிருந்து கசியும் கார்பன் டை ஆக்ஸைடு காற்றைவிடக் கனமானது. ராத்திரி முழுவதும் தரையோடு தேங்கும், வெயில் ஏறினால் கலையும். காளையின் மூக்கு கீழே, பூசாரியின் மூக்கு மேலே. அவ்வளவுதான் அற்புதம்.

இதிலே அழகு எங்கே என்றால், வெள்ளைப் படிக்கட்டைக் கட்டுவதும் அதே வாயுதான். நிலத்தடியில் அது தண்ணீரில் கரைந்திருப்பதால் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லைக் கரைத்துக்கொண்டு வருகிறது. சுமார் 35 டிகிரி சூட்டில் வெளியே வந்து சரிவில் வழியும்போது வாயு பறந்துவிடும். பிடிமானம் போன சுண்ணாம்பு கூழ் மாதிரிப் படிந்து, பிறகு கல்லாக இறுகும். ஒரே வாயு, குகையில் காளையைக் கொன்றது, சரிவில் பஞ்சுக்கோட்டை கட்டியது. பத்து நிமிஷத்தில் சொல்லிவிடலாம் இதை. சொல்லக் கேட்டவன் அந்த வெள்ளையை அப்புறம் வேறு மாதிரிதான் பார்ப்பான்.

கேட்காதவன் என்ன செய்கிறான்? ஏமாந்துவிட்டதாகப் புலம்புகிறான். போஸ்டரில் எல்லாக் குளமும் நீலமாகத் தளும்புகிறது, நேரில் போனால் பாதி காய்ந்து கிடக்கிறதே என்று. காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் மலை உச்சியிலேயே ஹோட்டல்கள் கட்டி, ஊற்று நீரைத் தங்கள் நீச்சல் குளத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள். சரிவின் மேலேயே ரோடு போட்டு வண்டி ஓட்டினார்கள். வெள்ளை பழுப்பானது. உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனபிறகுதான் ஹோட்டல்களை இடித்து, ரோடு இருந்த இடத்தில் செயற்கைக் குளங்கள் அமைத்தார்கள். பயணிகள் இன்று வெறுங்காலோடு நடப்பது அந்தப் பகுதியில்தான். இருக்கிற தண்ணீரை முறை வைத்து, இன்றைக்கு இந்தப் பக்கம், நாளைக்கு அந்தப் பக்கம் என்று விடுகிறார்கள். காய்ந்து கிடக்கிற குளம் சிகிச்சையில் இருக்கிற குளம். இதை போஸ்டரில் ஒரு வரி போட்டால் யாரும் புலம்ப மாட்டார்கள், டிக்கெட் மட்டும் நாலு குறையும்.

டூர் கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் ஒரு வாதம் வைப்பார்கள். "ஒரு வார லீவில் வருகிறவன், குழந்தை குட்டியோடு வருகிறவன், மொழி தெரியாதவன், இந்த மலிவு டூர் இல்லையென்றால் பமுக்கலேயைப் பார்க்கவே மாட்டான். ஒன்றுமே பார்க்காததற்கு இரண்டு மணி நேரம் மேல் இல்லையா?" நியாயமான கேள்வி. வயதானவர்களுக்கும் கூட்டமாக வருகிறவர்களுக்கும் பஸ் தேவைதான். ஆனால் அவர்களுக்கு அது மலிவு என்று யார் சொன்னது? கடையில் உட்கார்ந்த ஒன்றரை மணி நேரத்தை அவர்கள்தான் கொடுத்தார்கள். அந்த ஒன்றரை மணியில் நகரத்தின் அகலமான கல் தெருவை முழுக்க நடந்து, கி.பி. 60 நிலநடுக்கத்துக்குப் பிறகு எழுந்த தியேட்டரின் மேல் படியில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கலாம். பர்ஸிலிருந்து எடுக்காத காசை லீவிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள், ரசீது மட்டும் தருவதில்லை. மலிவாக விற்கட்டும், கமிஷனும் வாங்கட்டும். "கடை நிறுத்தம்: இரண்டு, மொத்தம் 90 நிமிஷம். ஹியராபோலிஸ்: 120 நிமிஷம்" என்று டிக்கெட்டில் அச்சடித்துவிட்டு விற்கட்டும். அப்போதும் வாங்குகிறவன் தெரிந்து வாங்குகிறான்.

அடிவாரத்தில் பமுக்கலே என்றே ஒரு சிற்றூர் இருக்கிறது. சின்னச் சின்ன விடுதிகள், குடும்பமாக நடத்துகிறவை. டெனிஸ்லி பஸ் நிலையத்திலிருந்து மினிபஸ் போகும், 20 கிலோமீட்டர்தான். ஒரு ராத்திரி அங்கே தங்கினால் பஸ்கள் வருவதற்கு முன்பு காலையிலும், அவை போனபிறகு சாயங்காலமும் மலை காலியாகக் கிடைக்கும். பணமும் அந்த ஊர்க்காரர் கைக்குப் போகும். மலையைப் பாதுகாக்கிற கெடுபிடி எல்லாம் தாங்குகிறவர்கள் அவர்கள். மதிய பஸ்ஸில் வந்து போகிறவன் அவர்களிடம் ஒரு டீ குடிப்பதுகூடச் சந்தேகம்.

தங்க முடியாது, ஒரு நாள் டூர்தான் சரிப்படும் என்கிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் மூன்று கேள்வி கேட்கலாம். எத்தனை கடை நிறுத்தம்? நகரத்துக்குள் எத்தனை நிமிஷம்? எந்த வாசலில் இறக்கி எந்த வாசலில் ஏற்றுவீர்கள்? மூன்றாவதுதான் முக்கியம். வடக்கு வாசலில் இறக்கித் தெற்கு வாசலில் ஏற்றுகிற டூர் என்றால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள் நடுவே நடந்து, ஃபிரான்டினஸ் கட்டிய வாயில் வழியாக நகரத்துக்குள் நுழைந்து, கடைசியில் வெள்ளைப் படிக்கட்டுக்கு வரலாம். தெற்கிலேயே இறக்கி தெற்கிலேயே ஏற்றினால் வேலை சீக்கிரம் முடியும், ஷோரூமுக்கும் நேரம் கிடைக்கும், ஸெயுக்ஸிஸ் பக்கம் யாரும் போக மாட்டார்கள்.