ஆறாவதுக்கு எந்த வேன்?

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ஊருன்னா பழவேற்காடு. டச்சுக்காரன் கல்லறையையும் பூநாரையையும் படம் பிடிக்க கேமராவோட வருவீங்களே, அதே ஊர்தான் :-)

வாசல்ல உக்காந்து வலை சரி பண்ணிட்டிருந்த தம்பி கேட்டான். "அண்ணா, பாப்பா அஞ்சாவது முடிக்கப் போறா. ஆறாவதுக்குப் பொன்னேரியில இங்கிலீஷ் ஸ்கூல்ல போட்டுடலாம்னு இருக்கேன். வேன் இங்கயே வருதாம். நீ என்ன சொல்ற?"

அந்த நேரத்துல ஒழுங்கா பதில் சொல்ல வரலை. அதான் இந்தப் பதிவு.

முதல்லயே சொல்லிடறேன், இது தனியார் பள்ளியில போடறவங்களைத் திட்டுற பதிவு இல்லை. நானே போட்டவன்தான்.

கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன். என் பையனை எல்கேஜியில இருந்து தனியார் பள்ளியிலதான் படிக்க வச்சேன். சேர்க்கும்போது நான் பார்த்தது மூணே மூணு: ஷூ, டை, வேன். 2020-ல கொரோனா வந்து சம்பளம் பாதியாச்சு, ஃபீஸ் பாக்கி விழுந்துச்சு. வேற பள்ளிக்கு மாத்தலாம்னு போனா "பாக்கியைக் கட்டுங்க, டிசி தர்றோம்"னுட்டாங்க. தங்கமணி வளையல் அடகுக்குப் போய்தான் டிசி வீட்டுக்கு வந்துச்சு.

அப்புறமாத்தான் விஷயம் தெரிஞ்சது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட 5-வது பிரிவுப்படி, டிசி வரத் தாமதம்னு காரணம் காட்டி அரசுப் பள்ளியில பிள்ளையைச் சேர்க்காம இருக்கக் கூடாது. டிசிங்கறது ஃபீஸ் வசூல் பண்ற கருவி இல்லைன்னு 2024-ல சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிடுச்சு. நமக்குத்தான் எல்லாம் வளையல் போன பிறகு தெரிய வருது.

சரி, தம்பி கதைக்கு வருவோம். எனக்காவது மாசம் பொறந்தா சம்பளம். ஏரிக் காசு அப்படி வராது. பாடு முறையில நம்ம முறை வர்ற அன்னிக்குத்தான் நல்ல இடத்துல வலை போட முடியும். கோடையில முகத்துவாரம் மணல் மூடிடுச்சுன்னா இறால் வரத்தும் படுத்துடும். பள்ளிக்கூடமோ ஜூன்ல திறக்குது. கையில காசே இல்லாத அந்த நேரத்துலதான் ஃபீஸ், புக்கு, யூனிஃபார்ம், வேன் எல்லாம் மொத்தமா நிக்கும்.

அப்ப யாருகிட்ட போவான்? யாவாரிகிட்டதான். முன்பணம் வாங்கிட்டா அவர் சொல்ற விலைக்குத்தான் இறாலைப் போடணும். ஆக, ரசீதுல இருக்கற தொகை மட்டும் ஃபீஸ் இல்லை. வருஷம் பூரா ஒவ்வொரு கிலோவுலயும் அடிவாங்கற காசும் ஃபீஸ்தான். எந்தப் பள்ளியும் அதை எழுதிக் கொடுக்காது, நாமதான் கணக்குப் பார்க்கணும்.

"25 சதவீத இலவச சீட்டு இருக்கே"ன்னு சிலர் கேப்பீங்க. இருக்கு. ஆனா அது எல்கேஜி, ஒண்ணாவதுன்னு நுழையற வகுப்புக்கு மட்டும்தான். ஆறாவதுக்குப் போற பாப்பாவுக்கு அது கிடையாது.

இன்னொரு முக்கியமான சமாச்சாரம். குப்பத்துல பாதிப் பேருக்கு இது தெரியலை. ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கு 7.5 சதவீத இடம்னு மருத்துவத்துக்கு 2020-லயும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் மாதிரி படிப்புகளுக்கு 2021-லயும் சட்டம் போட்டாங்க. கணக்கு ஆரம்பிக்கிறது ஆறாவதுல. இப்ப காசு கட்டி தனியாருக்குப் போயிட்டு, முடியலைன்னு ஒன்பதாவதுல திரும்பி வந்தா அந்தக் கதவு மூடியிருக்கும். (25 சதவீத சீட்டுல எட்டாவது வரைக்கும் படிச்சுட்டு அரசுப் பள்ளிக்கு வர்றவங்களுக்கு மட்டும் விலக்கு.)

அதுக்காக அரசுப் பள்ளியில எல்லாமே பிரமாதம்னு பீலா விட மாட்டேன். இங்கிலீஷ்ல என் பையன் இன்னும் தடுமாறறான். அதனால தம்பிக்கு நான் சொல்றது இதுதான்: ரெண்டு பள்ளிக்கும் நேர்ல போ. கட்டடத்தைப் பார்க்காதே, ஏழாவது படிக்கற பிள்ளையோட கணக்கு நோட்டை வாங்கிப் பாரு. ஆறு முதல் எட்டு வரைக்கும் கணக்கு-அறிவியலுக்கு ஒருத்தர், சமூக அறிவியலுக்கு ஒருத்தர், மொழிக்கு ஒருத்தர் இருக்கணும்னு சட்டம் சொல்லுது. இருக்காங்களான்னு ரெண்டு இடத்துலயும் கேளு. தனியார்னா, கட்டண நிர்ணயக் குழு அவங்களுக்கு எவ்வளவு நிர்ணயிச்சிருக்குன்னு கேளு. பாப்பாவுக்கோ உனக்கோ நேர்காணல் வச்சா அதுவே தப்பு, சட்டத்தோட 13-வது பிரிவு தடுக்குது.

இவ்வளவும் பார்த்துட்டு, முன்பணம் வாங்காமலே கட்ட முடியும்னா தாராளமா போடு. முடியாதுன்னா அரசுப் பள்ளியில போட்டுட்டு, வேனுக்குக் கொடுக்கற காசுல பாதியை இங்கிலீஷ் டியூஷனுக்குக் கொடு.

கிளம்பும்போது அவன் சொன்னதுதான் இன்னும் மனசுல நிக்குது. "நான் படற பாடு அவ படக் கூடாதுண்ணா." அவன் ஆசையில எந்தத் தப்பும் இல்லை. ஆனா அவளைப் படிக்க வைக்க அவன் யாவாரிகிட்ட மாட்டிக்கிட்டா, அந்தப் பாடு எட்டாவதுலயே அவளைத் தேடி வந்துடும்.

பொன்னேரியில மீன்வளக் கல்லூரி இருக்கு. பாப்பா கண்டிப்பா பொன்னேரிக்குப் போகட்டும். ஆனா ஆறாவதுக்குத்தான் போகணும்னு இல்லை, அந்தக் கல்லூரிக்குப் போகட்டுமே.

டிஸ்கி: தம்பி பதிவெல்லாம் படிக்க மாட்டான். தங்கமணிதான் போன்ல வாசிச்சுக் காட்டணும். வாத்தியார் வேலையில இருக்கற பதிவர்கள் யாராவது இருந்தா, நான் சொன்னதுல தப்பு இருந்தா தலையில கொட்டிட்டுப் போங்க. ஜூனுக்கு முன்னாடி சொன்னா புண்ணியமாப் போகும் :-)