மலைக்காட்டின் கணக்கைத் திரட்டித் தாரீர்

நீலகிரியிலும் அதன் அடிவாரத்திலும் வாழும் மகாஜனங்களுக்கு,

மழை ஓய்ந்த மறுநாட் காலையில் சோலையொன்றின் அடியில் நின்று, பாசி படர்ந்த வேர்களினூடே கசியும் நீர் தெளிந்திருப்பதையும், எதிர்ச்சரிவின் கேரட்டுப் பாத்திகளினின்று இறங்கும் ஓடை செம்மண் குழம்பாய்ப் புரள்வதையும் ஒருங்கே கண்டவருக்கு, காடு போனால் என்ன போகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அம்மண் மோயாற்றோடும் பவானியோடும் இறங்கிப் பவானிசாகர் அணையை அடைவதால், ஈரோட்டு வயல்களுக்கும் இக்கவலையில் பங்குண்டு.

ஆயினும் பழி முழுவதையும் ஏழை விவசாயியின் தலையில் ஏற்றுவது தர்மமாகாது. காபிக்கும் தேயிலைக்கும் சிங்கோனாவுக்குமாகச் சோலைகளை வெட்டத் தொடங்கியவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் வெள்ளைத் துரைமார். புல்வெளிகளில் சீகையையும் கற்பூர மரத்தையும் பரப்பியது காட்டிலாகா. 1964-ஆம் வருஷத்து இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய சகோதரர்களின் ஜீவனத்துக்காக, 1968-இல் காட்டு நிலங்களில் தேயிலை பயிரிட முனைந்தது அரசாங்கமே. பச்சைத் தேயிலையின் விலை சரிந்து, கொழுந்து பறிக்கும் கூலிக்கும் கட்டுபடியாகாதபோது, செடியைப் பிடுங்கிக் கேரட் போடுகிறவனுக்கு வேறு கதி எது?

சட்டங்களுக்குக் குறைவில்லை. தனியார் காடுகளுக்கு 1949-லும், மலைப்பகுதி மரங்களுக்கு 1955-லும், கூடலூர் ஜன்ம நிலங்களுக்கு 1969-லும் சட்டங்கள் பிறந்தன. ஆனால், எந்தச் சரிவில், எந்த வருஷத்தில், எந்தப் பயிருக்காக, யாருடைய உத்தரவால் காடு அழிந்தது என்ற விவரம் ஊர்தோறும் மக்கள் கையில் இருந்தாலன்றி, அச்சட்டங்கள் எளியவனை விரட்டவும் வலியவனைக் காக்கவுமே பயன்படும்.

ஆகவே, பழைய பட்டாக்களையும் நில வரைபடங்களையும் புகைப்படங்களையும் வைத்திருப்போர் அவற்றின் பிரதிகளைத் தந்துதவுமாறும், தோதவர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், படுகர் ஆகிய மக்களின் முதியோர் நினைவிலுள்ளவற்றைச் சொல்லுமாறும், மாணவர்கள் அவற்றைப் பிழையின்றி எழுதிக்கொள்ளுமாறும் வேண்டுகிறோம். இவ்வாறு திரளும் கணக்கை ஆதாரமாகக் கொண்டு, செங்குத்தான சரிவுகளிலும் ஊற்றுக்கண்களிலும் புதிதாக நிலம் திருத்துவதைத் தடுக்கவும், கொழுந்துக்கு நியாய விலை வகுக்கவும், தேயிலை உலர்த்த விறகுக்கு மாற்று காணவும் அரசாங்கத்திடம் முறையிடுவோம்.

பெயரில் மட்டும் சோலை எஞ்சிய இடங்கள் எத்தனையோ! உங்கள் ஊரருகே அப்படி ஓரிடம் இருக்குமானால், அங்கே ஓடிய ஓடையின் பெயரையேனும் எழுதித் தாருங்கள். அதிலிருந்தே நம் வேலை தொடங்கட்டும்.

இங்ஙனம்,
நீலகிரிவாழ் குடிமக்கள் சிலர்