சமன்பாடு கிடைத்துவிட்டால் வேலை முடிந்ததா?

குவார்க்குகளைப் பிணைக்கும் வலுவிசைக்கான சமன்பாடுகள் 1973-லேயே கைக்கு வந்துவிட்டன, ஹிக்ஸ் துகளும் 2012-ல் சிக்கிவிட்டது. நிறைக்கு விளக்கம் கிடைத்தாயிற்று, இனி குவார்க் கோட்பாட்டாளர்களுக்குப் பணம் எதற்கு என்று வாதிடுகிறவர்கள் உண்டு. கணக்கு தெரியாமல் பேசும் பேச்சு இது.

ஒரு புரோட்டானை எடுத்துக்கொள்வோம். அதன் நிறை சுமார் 938 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். உள்ளே இருக்கும் மூன்று குவார்க்குகளுக்கு ஹிக்ஸ் புலம் தரும் நிறையைக் கூட்டிப் பாருங்கள். 9-ஐ ஒட்டித்தான் வரும். மிச்சத்தில் பெரும்பகுதி குவார்க்குகளின் இயக்கத்திலும் அவற்றைப் பிணைக்கும் குளுவான்களின் ஆற்றலிலும் இருக்கிறது. அதைச் சமன்பாட்டிலிருந்தே கணக்கிட்டு, சில சதவீதப் பிழைக்குள் உறுதியாகக் காட்ட 2008 வரை ஆயிற்று. அதற்கும் வெளியையும் காலத்தையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, சூப்பர்கணினிகளில் ஓட்டவேண்டியிருந்தது. முப்பத்தைந்து ஆண்டு உழைப்பு!

அந்த முறையும் பருப்பொருளின் அடர்த்தி கூடினால் கைவிரித்துவிடுகிறது. கூட்டவேண்டிய எண்கள் நேரும் எதிருமாக வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன; விடை இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. அதனால்தான் நியூட்ரான் விண்மீனின் நடுவே பருப்பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்று இன்றுவரை யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. 2010-ல், சூரியனைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு நிறையுள்ள நியூட்ரான் விண்மீன் ஒன்று அளக்கப்பட்டது. அவ்வளவு எடையைத் தாங்காத கோட்பாட்டு மாதிரிகள் பல அதோடு அடிபட்டுப் போயின. கோட்பாட்டுக்கு வேலை இல்லை என்றால் அங்கே அடிபட்டது எது?

குவார்க் ஏன் தனியாக வெளியே வருவதில்லை என்பதற்கும் முழுமையான கணித நிரூபணம் இல்லை. இதோடு நெருங்கிய, வலுவிசைச் சமன்பாடுகளுக்கு அடித்தளமான யாங்–மில்ஸ் கோட்பாட்டைப் பற்றிய புதிருக்கு கிளே கணித நிறுவனம் 2000-ல் பத்து லட்சம் டாலர் பரிசு அறிவித்தது. அந்தப் பணம் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.