வரைபடத்துக்கு முன் வழித்துணை

இலக்கிய வாசகர்களாகிய நமக்குத் தனிப்பயணியின் மீது என்றுமே ஒரு மயக்கம் உண்டு. அதனால்தானோ என்னவோ, கண்டம் கடக்கும் சைக்கிள் பயணத்துக்கு இருவர் திட்டமிடும்போதும் பேச்சு வரைபடம், வண்டி, கூடாரம், விசா என்றே நகர்கிறது. உடன் வருபவரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறோம். பேச்சு தொடங்க வேண்டிய இடமே அதுதான் என்பது எங்கள் எண்ணம்.

1890இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பட்டம் பெற்ற கையோடு தாமஸ் ஆலன், வில்லியம் சாக்டில்பென் என்னும் இரு நண்பர்கள் உலகைச் சுற்றப் புறப்பட்டார்கள். 1891இல் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து கிழக்கே கிளம்பி, பாரசீகம், தாஷ்கண்ட், கோபி பாலைவனம் வழியாக 1892 நவம்பரில் பீக்கிங் சேர்ந்தார்கள். வழியில் அராரத் மலையிலும் ஏறினார்கள். மொத்தப் பயணத்தில் சைக்கிளில் கடந்தது மட்டும் 15,044 மைல் என்பது அவர்கள் தரும் கணக்கு. 1894இல் வெளியான அவர்களது நூல் 'நாங்கள்' என்றே பேசுகிறது.

1892இல் பிட்ஸ்பர்க்கிலிருந்து தனியே கிளம்பியவர் ஃபிராங்க் லென்ஸ். சீனா, பர்மா, இந்தியா, பாரசீகம் கடந்த அவர், 1894 மே மாதம் தப்ரீசிலிருந்து எர்சுரூம் செல்லும் வழியில் காணாமல் போனார். 1895இல் அவரைத் தேடிச் சென்றவர் அதே சாக்டில்பென். லென்ஸ் கொல்லப்பட்டார் என்பது தெரிந்தது, உடல் கிடைக்கவில்லை.

துணை இருந்திருந்தால் லென்ஸ் பிழைத்திருப்பார் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆயுதம் ஏந்தியவர்களுக்கு ஒருவரும் இருவரும் ஒன்றே. ஆனால் 'இன்று இங்கேயே தங்கிவிடுவோம்' என்று சொல்லவும், நடந்ததை ஊருக்குத் தெரிவிக்கவும் அவருடன் எவரும் இல்லை.

டெர்வ்லா மர்பி 1963இல் அயர்லாந்திலிருந்து இந்தியாவுக்குத் தனியாகத்தானே வந்தார் என்று கேட்கலாம். உண்மை. ஆனால் அவர் மாற்று டயர்களை வழியிலுள்ள தூதரகங்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்திருந்தார், கைத்துப்பாக்கியும் வைத்திருந்தார். தனிமையை அவர் திட்டமிட்டே ஏற்றார். துணையையும் அவ்வாறே திட்டமிட வேண்டும் என்பதுதான் எங்கள் வாதம்.

திட்டமிடுவது என்றால் என்ன? இருவர் வண்டிக்கும் ஒரே அளவுச் சக்கரம் இருந்தால் டியூபும் டயரும் பொதுவாகும். அது எளிய பகுதி. கடினமானவை வேறு. நாளின் தூரத்தை மெதுவாகச் செல்பவரே தீர்மானிக்க வேண்டும். பொதுப்பணம் ஒன்றாக இருக்கலாம். ஊர் திரும்பும் செலவு அவரவரிடம் தனியாக இருக்க வேண்டும். ஒருவர் நோயுற்றால் மற்றவர் எத்தனை நாள் காத்திருப்பார் என்பது முன்பே முடிவாக வேண்டும். ஆபத்து என்று ஒருவர் மறுத்தால் அதற்கு மேல் விவாதம் கூடாது.

நட்பில் இதையெல்லாம் பேசுவது கணக்குப் பார்ப்பதாகத் தோன்றும். ஆனால் பசியும் களைப்பும் எதிர்காற்றும் சேர்ந்த மாலையில், மொழி தெரியாத ஊரில், இதே கேள்விகள் சண்டையாக எழும். 'நீ பாதியில் திரும்ப விரும்பினால் நான் என்ன செய்ய வேண்டும்?' என்று கேட்கக் கூசும் நண்பருடன் அடுத்த ஊர் வரை தாராளமாகப் போய்வரலாம். கண்டம் கடக்க வேண்டாம்.