அப்பா பேரைச் சொன்னா பேங்க்லேர்ந்து பேசுறாங்கன்னு அர்த்தமா?

நாட்றம்பள்ளியில ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் பஸ் ஏறும்போது போன் வருது. "கேஒய்சி அப்டேட் பண்ணணும் சார்." உங்க பேர், அப்பா பேர், வயசு, வீட்டு எண் எல்லாம் கரெக்டா சொல்றாங்க. நம்பிடாதீங்க. இந்த நாலும் வாக்காளர் பட்டியல்லயே இருக்கு. தேர்தல் ஆணைய இணையதளத்துல யார் வேணும்னாலும் டவுன்லோடு பண்ணலாம். பிரிட்டன்ல, வெளியாட்களுக்கு விற்கிற பட்டியல்ல என் பேர் வேண்டாம்னு சொல்லிடலாம். நமக்கு அந்த வாய்ப்பு கிடையாது. கள்ள ஓட்டைப் பிடிக்க பட்டியல் பொதுவில இருக்கணும், ஒத்துக்கிறேன். அதுக்காக வீட்டு எண் வரைக்கும் உலகத்துக்கே காட்டணுமா?

நம்ம கையில இருக்கிறது பேங்க் பக்கம்தான். சம்பள அக்கவுண்ட்டுக்கு ஆதார் கட்டாயம்னு ஹெச்ஆர் சொல்வாங்க. இல்லை. பேங்க் கணக்கோட ஆதாரைக் கட்டாயமா இணைக்கணும்ங்கிற விதியை 2018 செப்டம்பர் 26-ல உச்ச நீதிமன்றமே ரத்து பண்ணிடுச்சு. பான் கார்டோட ஓட்டர் ஐடி, பாஸ்போர்ட், டிரைவிங் லைசென்ஸ்ல ஏதாவது ஒண்ணு ரிசர்வ் வங்கி விதிப்படி செல்லும். அரசு மானியம் அந்தக் கணக்குல வாங்கணும்னா மட்டும் ஆதார் கேட்பாங்க.

ஆதார்தான் கொடுக்கப் போறீங்கன்னா, கடைசி 4 எண் மட்டும் தெரியுற மாஸ்க்டு ஆதார் கொடுங்க. ஜெராக்ஸ் மேல எந்த பேங்க், எதுக்கு, என்ன தேதின்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. கவுன்ட்டர்ல சிரிப்பாங்க, பரவாயில்ல. அந்த போனை கட் பண்ணிட்டு, உங்க பேங்க்கோட ஏதாவது ஒரு கிளைக்கு நேராப் போய்க் கேளுங்க.